மார்புப் பயிற்சியில் தோள்மூட்டு சுமப்பது

ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்தான் என் வலது தோள் கெட்டிருப்பதை முதன்முதலாக உணர்ந்தேன். மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் உடலின் எடை முன்னுக்குச் சரிந்து, உள்ளங்கையில் தொடங்கி, முழங்கை வழியாகத் தோளில் போய் முட்டும். வழக்கமாக அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் தோளின் உச்சியில், ஒரு ரூபாய் நாணயம் அளவே இருக்கும் ஓர் இடத்தில், ஊசி குத்துவது போல் வலித்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றக் கையைத் தூக்கியபோது அதே இடம் மறுபடியும் குத்தியது.

நான் கீழே விழவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. எட்டு ஆண்டுகளாக வாரம் தவறாமல் பெஞ்ச் பிரஸ் செய்து வந்தேன்; பெஞ்ச் என்ற பலகையில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய 'பார்' என்ற இரும்புக் கம்பியை மார்பு வரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி அது. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் எடையை வேகமாக ஏற்றியிருந்தேன். சேலத்து உடற்பயிற்சிக் கூடங்களில் திங்கட்கிழமை மாலை மார்புக்கு உரியது என்பது எழுதப்படாத ஏற்பாடு. அன்று பெஞ்ச் காலியாகக் கிடைப்பதே அரிது. அந்தப் பெஞ்சில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் எவ்வளவு எடை ஏற்றினேன் என்ற கணக்குதான். அந்த எடை எந்த எலும்பின் மேல், தசையை எலும்போடு இணைக்கும் எந்தத் தசைநாணின் மேல் இறங்குகிறது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை சுமந்தவர். நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சட்டையை விலக்கச் சொன்னார். கழுத்தின் அடியிலிருந்து காறை எலும்பின் மேலாகவே விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். அந்த எலும்பு முடிந்து தோள்பட்டை எலும்பைத் தொடும் இடத்தில், தோளின் விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே, கட்டைவிரலால் அழுத்தி, "இங்கதானே நோவுது?" என்று கேட்டார். நான் துள்ளிவிட்டேன். "மூட்டைய இந்த எலும்பு மேல எறக்கிட்டா ஒரு மாசத்துக்கு ஆளப் படுக்க விடாதுப்பா" என்றார். சுமை தூக்குபவர்கள் மூட்டையைக் கழுத்தின் பின்புறச் சதையிலும் மேல்முதுகிலும்தான் ஏற்பார்கள்; தோளின் உச்சியில் ஏற்கமாட்டார்கள். பின்னர் எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துக் காட்டிய இடமும் அப்பா கட்டைவிரல் வைத்த அதே இடம்தான். காறை எலும்பின் நுனி அரிக்கப்பட்டிருந்தது.

இந்தக் கோளாற்றுக்கு மருத்துவ உலகில் 'எடை தூக்குபவரின் தோள்' என்றே ஒரு வழக்குப் பெயர் உண்டு. 1982இல் பெர்னார்ட் கேஹில் என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர், விளையாட்டு வீரர்களிடம் இதைக் கண்டு விவரித்தபோது, அவர் பார்த்த 46 பேரில் 45 பேர் எடைப் பயிற்சி செய்து வந்தவர்கள். எவருக்கும் அந்த மூட்டில் திடீர் அடி பட்டிருக்கவில்லை. பார் மார்பைத் தொடும் அளவுக்கு இறங்கி, முழங்கை உடலின் மட்டத்துக்குக் கீழே பின்னோக்கிப் போகும்போது, காறை எலும்பின் நுனி தோள்பட்டை எலும்போடு நெருக்கப்பட்டு முறுக்கப்படுகிறது. ஒரு முறை நிகழ்ந்தால் அது ஒன்றுமில்லை. வாரத்துக்கு நூறு முறை, ஆறுவதற்கு இடைவெளியின்றி நிகழும்போது, எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தைத் தேயும் வேகம் முந்திவிடுகிறது.

தோள்மூட்டு ஏன் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது என்பதை அதன் அமைப்பைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். இடுப்புமூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ மேற்கை எலும்பின் தலை பெரியது, அது அமரும் குழி மிகவும் மேலோட்டமானது. அகல்விளக்கின் மேல் ஒரு சாத்துக்குடியை நிறுத்தியது போன்ற அமைப்பு அது. எந்த ஒரு நிலையிலும் அந்தத் தலையின் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் குழியைத் தொட்டிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையமும், மூட்டுறையும், சுழல் தசைகள் எனப்படும் நான்கு சிறிய தசைகளும் சேர்ந்துதான் அந்த உருண்டையை நடுவில் நிறுத்துகின்றன. கையை எல்லாத் திசைகளிலும் சுழற்றும் உரிமைக்கு நம் உடல் கொடுக்கும் விலை இது. பெஞ்சில் படுத்து 60 கிலோ ஏற்றும்போது பெரிய மார்புத் தசை தள்ளுகிறது; அந்தத் தள்ளல் முழுவதும் இந்தச் சிறிய அகலின் வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. மார்பில் எரிச்சல் தெரிவதால் வேலை மார்பில் மட்டும் நடப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. ஒரு மூட்டின் மேல் விழும் திருப்புவிசை, எடையையும் மூட்டிலிருந்து அந்த எடை நிற்கும் கிடைத்தொலைவையும் பெருக்கினால் வருவது. என் மேற்கை 30 சென்டிமீட்டர் நீளம். ஒரு கையில் 20 கிலோ டம்பெல்லோடு பிரஸ் செய்யும்போது, மேற்கை தரைக்குக் கிடையாகவும் முன்கை நேர்க்குத்தாகவும் இருக்கும் நிலையில், எடை தோளிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதே கையை ஏறக்குறைய நேராக நீட்டி ஃபிளை செய்தால், அதாவது மல்லாந்து படுத்து இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து இறக்கி மறுபடி மேலே சேர்த்தால், தோளிலிருந்து உள்ளங்கை வரை 60 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே 10 கிலோ டம்பெல்லோடு செய்யும் ஃபிளையும் 20 கிலோ டம்பெல்லோடு செய்யும் பிரஸும் தோளுக்கு ஏறத்தாழ ஒரே திருப்புவிசையைத் தருகின்றன. பிரஸ் முடித்த கையோடு, "இது லேசான எடைதானே" என்று 15 கிலோ டம்பெல்லை எடுத்து, கையை விரித்து, தரையை நோக்கி ஆழமாக இறக்குபவர் தன் தோளுக்கு அன்றைய தினத்தின் மிகக் கனமான வேலையைக் கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஃபிளையை நான் விலக்கச் சொல்லவில்லை. முழங்கையை நன்றாக மடக்கி, மேற்கை உடலின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, எடையைப் பிரஸின் பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டால் அது நல்ல பயிற்சிதான். தரையில் படுத்துச் செய்தால் தரையே முழங்கையை நிறுத்திவிடும்.

முழங்கையின் கோணத்தைப் பற்றி அடுத்ததாகச் சொல்ல வேண்டும். மேற்கை உடலுக்குச் செங்குத்தாக, 90 பாகைக்கு விரிந்திருக்கும்படி பாரைக் கழுத்துக்கு நேராக இறக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னமும் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் மார்பு அகலும் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நிலையில் மேற்கை எலும்பின் தலை முன்னோக்கித் தள்ளப்பட்டு மூட்டுறையின் முன்பகுதியை இழுக்கிறது. தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்புக்கு அடியில் சுழல் தசையின் நாணுக்கு இருக்கும் இடமும் குறுகுகிறது. முழங்கையை உடலை நோக்கி 45 முதல் 60 பாகை வரை கொண்டுவந்து, பாரை மார்புக் காம்பின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இறக்கினால் இந்த நெருக்கடி குறைகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோணத்தை மாற்றுவதால் சுமை காணாமல் போய்விடுவதில்லை. பக்கவாட்டில் மார்புத் தசை ஏற்றுக்கொண்டிருந்த திருப்புவிசையில் ஒரு பங்கு, தோளின் முன்தசைக்கும் கையின் பின்தசைக்கும் இடம் மாறுகிறது. அதனால்தான் கோணத்தை மாற்றிய முதல் இரண்டு வாரங்களில் தூக்கும் எடை குறைந்துவிடும். பலர் அதைக் கண்டு பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு வாரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிடியின் அகலமும் இதோடு சேர்ந்ததே. பவர்லிஃப்டிங் பாரில் பொறித்திருக்கும் வளையக் கோடுகள் ஒன்றுக்கொன்று 81 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். போட்டி விதிப்படி ஆட்காட்டி விரல்கள் அதற்கு வெளியே போகக்கூடாது; அது போட்டியாளர் எட்டக்கூடிய உச்ச எல்லை. கூடத்திலோ அதை 'இங்கே பிடி' என்ற அடையாளமாக எண்ணி, உயரமும் தோள் அகலமும் எப்படி இருந்தாலும் எல்லாரும் அந்தக் கோட்டிலேயே கையை வைக்கிறார்கள். தையல்காரரின் அளவு நாடாவால் என் தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தபோது 40 சென்டிமீட்டர் வந்தது. 81 என்பது அதைப் போல இரண்டு மடங்கு. தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் பிடி அகன்றால் தோளின் மேல் விழும் சுமை கூடுகிறது என்று பயிற்சி ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். 2024இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணினி மாதிரியைக் கொண்டு செய்த ஆய்விலும், குறுகலான பிடி காறை எலும்பு நுனி மூட்டின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைப்பதாகவும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது சுழல் தசைகளின் சுமையைக் குறைப்பதாகவும் கண்டார்கள். எனக்கு உரிய அகலம் 60 சென்டிமீட்டர். எட்டு ஆண்டுகளாக நான் பிடித்து வந்தது அதைவிட 21 சென்டிமீட்டர் கூடுதல்.

தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுப்பதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். மூட்டை ஏறும் முன்பு அப்பா ஒரு கணம் நின்று, மூச்சை நெஞ்சில் நிறுத்தி, இரண்டு பட்டைகளையும் முதுகின் நடுவில் நெருக்கிச் சற்றே கீழே இறக்கிக்கொள்வார். பிறகுதான் 'உம்' என்பார், பின்னால் இருப்பவர்கள் மூட்டையை ஏற்றி விடுவார்கள். பாரைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பு நான் செய்வதும் இப்போது அதுவேதான். பெஞ்ச் என்பது தோள்பட்டைகளை முதுகுக்கு அடியில் வைத்து நசுக்கும் பலகை. அவை நகர முடியாது என்பதால், நல்ல நிலையில் வைத்த பிறகே எடையை வாங்க வேண்டும். தண்டாலில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே தோள்பட்டைகள் கட்டின்றி விலா எலும்புகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்குகின்றன. அவற்றை விலாவோடு பிடித்து வைக்கும் தசையும் வலுப்பெறுகிறது. தண்டாலின் மேல்நிலையில் உடல் எடையில் ஏறத்தாழ 69 விழுக்காடும் கீழ்நிலையில் 75 விழுக்காடும் கைகளில் இறங்குகின்றன. முழங்காலை ஊன்றிச் செய்தால் அவை 54, 62 எனக் குறைகின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தண்டாலின் கீழ்நிலை 50 கிலோவுக்கும் மேல். அதைச் சிறுபிள்ளைப் பயிற்சி என்று ஒதுக்குவது சரியன்று. வலி குறைந்தபின் நான் தொடங்கியது பெஞ்சில் அல்ல, தண்டாலில். முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு திண்ணையில், பிறகு தரையில்.

இதுவரை சொன்னவை மெல்லத் தேயும் காயங்கள். மார்புத் தசையின் நாண் அறுந்துபோவது ஒரே கணத்தில் நடப்பது. 1822இல் பாரிஸில் பட்டிசியே என்ற மருத்துவர் முதன்முதலில் இதைப் பதிவு செய்தபோது, அவர் கண்டது மாட்டிறைச்சியைத் தூக்கிய ஒரு கசாப்புக்காரரை. இன்று இந்தக் காயம் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு நேர்கிறது; ஏறக்குறைய பாதி நிகழ்வுகள் பெஞ்ச் பிரஸில் நடக்கின்றன, அதிலும் பார் இறங்கும்போது. மார்பெலும்பிலிருந்தும் விலாவிலிருந்தும் வரும் கீழ்ப்பகுதி இழைகள், மேற்கை எலும்பில் போய்ச் சேருமுன் முறுக்கிக்கொண்டு, மேல்பகுதி இழைகளைவிட மேலே ஒட்டுகின்றன. கை பின்னோக்கிப் போகப் போக அந்தக் கீழ் இழைகளே மற்றவற்றைவிட அதிகமாக நீட்டப்படுகின்றன. அவற்றில் எடையும் இருக்கும்போது முதலில் அறுவது அவைதான். மார்பில் பட்டு எகிறும்படி பாரைத் தொப்பென்று விடுபவர்கள், மிக அதிகமாக நீண்டிருக்கும் இழைகளின் மேல் மிக அதிகமான விசையைப் போடுகிறார்கள். இறக்குவதற்கு இரண்டு வினாடி, அடியில் ஒரு கணம் நிறுத்தம், பிறகு தள்ளல். எடையைவிட இந்த ஒழுங்கையே நான் மதிக்கிறேன்.

தசை வளரும் வேகமும் நாண் உறுதிப்படும் வேகமும் ஒன்றல்ல என்பதே இவற்றில் நான் மிகவும் தாமதமாகக் கற்றது. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. சில வாரங்களிலேயே பலம் கூடிவிடுகிறது. நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். ஆகவே இன்று தூக்க முடிகிறது என்பது இன்று தாங்க முடியும் என்பதற்குச் சான்று ஆகாது. நம் கூடங்களில் மிகச் சிறிய பிளேட் பெரும்பாலும் 2.5 கிலோதான், இருபுறமும் சேர்த்தால் ஒரே தாவலில் 5 கிலோ. 100 கிலோ தூக்குபவருக்கு அது 5 விழுக்காடு, 40 கிலோ தூக்கும் இளைஞருக்கோ பன்னிரண்டரை விழுக்காடு. நான் ஒரு லேத் பட்டறையில் ஒரு கிலோ வட்டுகள் இரண்டு கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன். பையில் அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு இரவல் கேட்டவர்களும் உண்டு.

மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுபடச் செய்யக்கூடும் என்பதால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அவற்றின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. இவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நீங்கள் எடை தூக்குபவர் என்பதை அவரிடம் சொல்லுங்கள். தானாக வாங்கி விழுங்காதீர்கள். தசை வளர்க்க ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களின் நாணும் தசையின் வளர்ச்சிக்கு ஈடு கொடுப்பதில்லை. நாண் அறுந்தவர்களில் அந்த ஊசியைப் பயன்படுத்தியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

உடலைச் சூடேற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் நுழைந்த உடனேயே வியர்த்துக் கொட்டுகிறது. அந்த வியர்வையைச் சூடேற்றமாக எடுத்துக்கொண்டு நேராக 60 கிலோவில் படுப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். வியர்வை வெளி வெப்பத்துக்குத் தோல் தரும் பதில். தோள்மூட்டு இன்னும் அசையவே இல்லை. வெறும் பாரில் பதினைந்து, பிறகு பாதி எடையில் எட்டு, முக்கால் எடையில் நான்கு என்று ஏறி வருவதற்கு எனக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. மார்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் முதுகுப்பக்கம் இழுக்கும் பயிற்சி ஒன்றாவது கொடுத்துவிடுகிறேன். கட்டைவிரலைப் பாருக்கு வெளியே விட்டுப் பிடிப்பதை மட்டும் எவரிடமும் பொறுத்துக்கொள்வதில்லை. பார் வழுக்கினால் விழும் இடம் கழுத்து.

நான் நான்கு மாதம் பெஞ்சைத் தொடவில்லை. இப்போது படுக்கும்போது மடித்த துண்டு ஒன்றை மார்பின் மேல் வைத்துக்கொள்கிறேன். பார் துண்டைத் தொட்டதும் திரும்பிவிடும், அதாவது மார்புக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலேயே. முழங்கை உடலின் மட்டத்தைத் தாண்டிக் கீழே போவதை அந்தத் துண்டு தடுக்கிறது. காறை எலும்பின் நுனியில் வலி இருந்தவர்களுக்கு இந்த நான்கைந்து சென்டிமீட்டர் மிகப் பெரிய விஷயம். வலி இல்லாதவர்கள் முழு ஆழத்துக்குப் போவதில் தவறில்லை. அவர்களுக்கு நான் துண்டைப் பரிந்துரைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. பயிற்சிக்கு மறுநாள் மார்புத் தசையின் நடுவில் பரவலாக இருக்கும் வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்; அதற்காகப் பயப்பட வேண்டாம். விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவிடாத வலி, எதிர்த் தோளைத் தொடக் கையை மார்பின் குறுக்கே கொண்டுபோகும்போது குத்தும் வலி ஆகியவை மூட்டின் வலிகள். அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எடை இறங்கும்போது 'டப்' என்ற ஓசையோ கிழிவது போன்ற உணர்வோ கேட்டு, பிறகு அக்குளிலும் மேற்கையிலும் கருநீலம் பரவி, அக்குளின் முன்மடிப்பு மற்றப் பக்கத்தைவிட மெலிந்து தெரிந்தால், அது பெரும்பாலும் நாண் அறுந்ததுதான். அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு வழித்துவிடும் இடங்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. இரண்டு மாதம் வழித்துப் பார்த்த பிறகே மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அறுந்த நாண் அதற்குள் உள்ளே சுருங்கி, சுற்றியுள்ள சதையோடு தழும்பாக ஒட்டிவிடுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் நாண் தெரியாது என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும். முதல் சில வாரங்களுக்குள் போய்ச் சேர்ந்தால், நாணை எலும்பில் அதன் பழைய இடத்திலேயே வைத்துத் தைப்பது அறுவை மருத்துவருக்கு எளிது.